தட்டாமல் மூடிய குதிரை

முதல் நாளே எனக்கும் அவருக்கும் சண்டை. பட்டறை ஸ்டோர் ரூமில் ஆள் உயர இரும்பு பீரோ ஒன்று உண்டு. வெல்டிங் கம்பிக் கட்டுகளை உள்ளே அடுக்கிவிட்டு நான் கதவைச் சாத்தப் போகிறேன், பின்னாலிருந்து ஒரு கை வந்து கதவைப் பிடித்துக்கொண்டது. பிறகு அந்தக் கையே பீரோவின் பக்கத்தில் மூன்று முறை தட்டியது. டொக், டொக், டொக். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார் மனுஷன். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் பீரோவைப் பார்க்கிறார்.

"என்னாண்ணே, உள்ள ஆள் குடியிருக்கா?" என்றேன்.

"இருந்தா பதில் வந்திருக்கும்மா. வரல. இப்ப சாத்திக்க."

வேலைக்குச் சேர்ந்து முழுசாக இரண்டு மணி நேரம் ஆகவில்லை. சரியான கிறுக்கிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். படாரென்று கதவைச் சாத்தினேன்.

அவர் அந்தப் பட்டறையின் ஃபோர்மேன். நான் ஸ்டோர் கீப்பர். தினமும் முத்தியால்பேட்டையிலிருந்து மொபெட்டில் பாண்டிச்சேரித் தொழிற்பேட்டைக்குப் போவேன். தண்ணீர் டேங்க், எண்ணெய் டேங்க், கம்பெனிகளுக்கு ஷெட், பெரிய பெரிய கேட், எல்லாம் அங்கே தகட்டிலும் குழாயிலும் செய்வார்கள். முப்பது ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. வாய் நீளமாக இல்லாவிட்டால் பிழைக்க முடியாது, எனக்கு அந்தக் குறை கடவுள் புண்ணியத்தில் கிடையாது. அவர் பெயரை மட்டும் எழுதாதே என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை.

ஒல்லியான ஆள். முன்கையெல்லாம் நெருப்புப்பொறி பட்ட புள்ளிகள். சட்டைக்குள் ஜெபமாலை. டீ கொடுத்தால் நன்றி என்பதற்கு 'மெர்சி' என்பார். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்துச் சர்க்கார் கச்சேரியில் சேவகராக இருந்தவராம், அந்த வீட்டில் மிச்சம் இருந்த பிரெஞ்சு அந்த ஒரு வார்த்தைதான். மற்றபடி அதிகம் பேசமாட்டார். ஆனால் எதையும் தட்டாமல் மூடமாட்டார். டிரம் மூடி, கருவிப் பெட்டி, லாரியின் பின்கதவு, எதுவானாலும் மூன்று தட்டு, கொஞ்சம் காத்திருப்பு, பிறகுதான் மூடுவார். டேங்க் என்றால் தட்டியதோடு விடமாட்டார், ஓட்டைக்குள் தலையை விட்டு, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரலும் கொடுப்பார். ஒரு தடவை சாப்பிட்டு முடித்துத் தன் டிபன் டப்பாவைக்கூடத் தட்டிவிட்டு மூடினார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குப் புரையேறிவிட்டது.

"அண்ணே, உள்ள ஒரு பருக்கை தூங்குது, எழுப்பிட்டு மூடுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். ஆனால் டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

முதலாளியை நாங்கள் முசியே என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பம். அவர் கார் டிக்கியை ஃபோர்மேன் அண்ணன் தட்டும்போதெல்லாம் முசியே, "இன்னிக்கு யாரையும் கடத்திக்கிட்டு வரலப்பா" என்பார். இப்படிக் கேலியும் சிரிப்புமாகத்தான் முதல் இரண்டு வருடம் போனது. அதற்குப் பிறகுதான் குதிரைகள் வந்தன.

தொழிற்பேட்டைக்குள் நுழைகிற நாற்சந்தியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் சோப்பு எண்ணெய் நாற்றம், ஒரு பக்கம் ரசாயனக் கம்பெனியின் மஞ்சள் புகை. சாராயப் பாட்டில் ஏற்றிய லாரிகள் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு போகும். சாக்கடைத் தண்ணீர் நாளுக்கு ஒரு நிறத்தில் ஓடும். இந்த அழகான இடத்தில் இரண்டு பெரிய குதிரை வைக்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். படம் வரைந்து கொடுத்தது வெள்ளைக்கார அம்மா ஒருத்தர். சைக்கிளில் வருவார், தமிழில் திட்டுவார். ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கும், மற்றது தலையைக் குனிந்து நிற்கும். இரண்டும் இரண்டு மாடி உயரம். உள்ளே குழாயில் எலும்புக்கூடு, மேலே தகடு, நடுவில் வெறும் பொள்ளல். பிடரி மயிருக்கு மட்டும் மூடிப்போன மில்லிலிருந்து நூல் சுற்றும் கதிர்களை வாங்கி வந்து பற்றவைத்தார்கள். என் அப்பா வேலை பார்த்த மில். வீட்டில் போய்ச் சொன்னேன். "குதிரைக்காவது உதவுதே" என்றார் அப்பா.

உள்ளே இறங்கி வேலை செய்ய இரண்டு குதிரைக்கும் வயிற்றில் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். ஓர் ஆள் நுழைகிற அளவு. கடைசித் தகட்டை வைத்து அதை மூடினால் வேலை முடிந்தது.

கத்திரி வெயில் காலம். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் நிழல் தேடி ஓடுவார்கள். பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷெட்டுக்குள் கிடக்கிற பெரிய குழாய், பாதி முடிந்த டேங்க், இதற்குள் நுழைந்து படுத்துவிடுவார்கள். வெயில் படாத தகடு முதுகுக்குச் சில்லென்று இருக்கும், வெளிச்சமும் இருக்காது. குதிரை வயிறு அதைவிட வசதி. ஆனால் அங்கே ஒருத்தனும் படுக்க முடியவில்லை. ஃபோர்மேன் அண்ணன் ஸ்டூலைப் போட்டு ஓட்டைக்கு நேர்கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அதையும் மீறி உள்ளே போகிறவன் ஒருத்தன் இருந்தான். முருகையன் என்று பெயர். திருக்கனூர் பக்கம் ஏதோ கிராமம். அறுப்பு, நடவு இல்லாத நாளில் கான்ட்ராக்டர் கூட்டிவருகிற ஆட்களில் ஒருவன். முப்பது வயது இருக்கும். நின்றுகொண்டே தூங்குவான். இரண்டு தடவை அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார் அண்ணன்.

"டேய், உனக்கு வேற எடமே கிடைக்கலையா?"

"குதிர மேல ஏறுனாதான் தப்புண்ணே. உள்ள படுத்தா என்னா?"

ஒருநாள் ஏதோ சீட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காதே, "ஏண்ணே, இந்தக் குதிரைய யாரு தூக்கிட்டுப் போகப்போறா, இப்படிக் காவல் காக்கறீங்க?" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொல்லத் தொடங்கினார்.

"இதே மாதிரி மே மாசம்மா. வேற ஊரு, வேற கம்பெனி. தண்ணி டேங்கு. சாப்பாட்டு நேரத்துல ஒரு ஆள் உள்ள போயிப் படுத்துட்டான். எனக்குத் தெரியாது. வந்தேன், மேல ஒரு பைப்ப வெல்டிங் அடிச்சேன், மூடிய மாட்டி போல்ட்ட முடுக்கினேன். ஒழுகுதான்னு பாக்கணும் இல்ல, மோட்டாரப் போட்டு தண்ணிய ஏத்தினேன். கொஞ்ச நேரத்துல உள்ளருந்து டொக்கு டொக்குன்னு சத்தம். என்னாண்ணே சத்தம்னு பக்கத்துல இருந்தவன் கேட்டான். தகடு ஆறுதுடான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன்."

தகடு ஆறும்போது அப்படிச் சத்தம் வருவது நிஜம். பற்றவைத்த சூடு தணியும்போது இரும்பு சுருங்கி டொக், டொக் என்று தட்டும். பட்டறையில் ஒரு மாதம் இருந்த யாருக்கும் தெரியும். புதிதாக வந்தவன் யாராவது இருந்திருந்தால் பயந்துபோய்த் திறந்து பார்த்திருப்பான். இவர் அனுபவஸ்தர். அதனால் திறக்கவில்லை.

"யாருண்ணே அது?"

"என் பொஞ்சாதியோட தம்பி" என்றார். பிறகு சோற்றை மூடி வைத்தார். மூடும்போது தட்டினார்.

அவரை வைத்து நான் அடித்த கிண்டல் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அந்த டிபன் டப்பா கிண்டலை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. குதிரை வயிற்றில் ஒரு கதவு. உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள். முசியேவிடம் போய்க் கேட்டார், நானும் பின்னால் நின்றேன்.

"குதிர வயித்துல கதவா? எதுக்குப்பா, வாடகைக்கு வுடவா?" என்றார் முசியே.

"கதவு இல்லாம மூடக்கூடாது முசியே."

"அந்தம்மா படத்துல கோடுகூட இல்ல. வயிறு வழவழன்னு இருக்கணும்னு உசுர வாங்குது. அதெல்லாம் ஆவாது."

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டையும் நான்தான் மூடுவேன். வேற யாரும் கை வைக்கக்கூடாது."

"சரிப்பா, நீயே மூடு. யாரு வேணாம்னா?"

முதல் குதிரையை அவரே மூடினார். எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மூன்று தட்டு. பொள்ளலான தகடு, ஒவ்வொரு தட்டும் உள்ளே நடந்து தலைவரை போய்த் திரும்பி வந்தது. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். குதிரையின் கழுத்துக்குள்ளிருந்து அவர் குரலே வேறு யாரோ கேட்கிற மாதிரி திரும்பியது. யாரும் பதில் சொல்லிவிடக்கூடாது மாதாவே என்று, மாரியம்மனைக் கும்பிடுகிற நான் அவர் சாமியை வேண்டிக்கொண்டேன். நூறு எண்ணுகிற நேரம் நின்றிருப்பார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு கடைசித் தகட்டைப் பற்றவைத்தார்.

இரண்டாவது குதிரைக்கு, தலை குனிந்து நிற்கிறதே அதற்கு, அந்த மரியாதை கிடைக்கவில்லை. அண்ணிக்குக் கண் ஆபரேஷன், அவர் இரண்டு நாள் லீவு. இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில், மறுநாள் வரவேண்டிய கிரேன் ஒருநாள் முன்னாடியே வந்து நின்றுவிட்டது. கிரேன் வந்தால் காத்திருக்காது. முசியே அங்கே இங்கே ஓடினார். கடைசியில் கையில் கிடைத்த வெல்டர் ஒருவரைக் கூப்பிட்டு, "மூடுப்பா சீக்கிரம்" என்றார். அவர் ஏணியில் ஏறி அரை மணியில் மூடிவிட்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அவசரம்தான். நான் ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் வந்தவர், குதிரை நின்ற வெற்றிடத்தைப் பார்த்தார்.

"மூடும்போது தட்டுனீங்களா?"

"எதுக்குண்ணே?" என்றார் மூடிய வெல்டர்.

அதே இடத்தில், தரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. ஒன்றின் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. முருகையன் செருப்பு. குதிரை வயிற்றுக்குள் ஏறும்போது அவன் கழற்றிப் போடுகிற இடம் அதுதான். அன்று முருகையன் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கான்ட்ராக்டரைக் கேட்டால், "அவனுங்க வருவானுங்க, போவானுங்க, நான் என்னா கட்டியா வச்சிருக்கேன்?" என்றார். எந்த ஊர் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் அண்ணனுக்கு எடுத்துச் சொன்னோம். உள்ளே ஆள் இருந்தால் கத்தியிருக்க மாட்டானா? டேங்கிலும் கத்தித்தான் இருப்பான், மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்றார். வெல்டிங் சூட்டில் விழித்திருப்பானே? புகையில் மயங்கியிருந்தால் என்றார். செத்திருந்தால் இத்தனை நாளில் நாற்றம் வந்திருக்குமே என்று நான் போட்டு உடைத்தேன்.

"தகடு சேர்ற மத்த தையல் பூரா நான் அடிச்ச வெல்டிங்கும்மா" என்றார். "காத்துகூடப் போவாது."

இருபது வருடமாக ஒரு சொட்டு ஒழுகாமல் டேங்க் செய்தவர். அந்தக் கைத்திறமையே அவர் கழுத்தைப் பிடித்தது.

திறப்பு விழா நடந்தது, ரிப்பன் வெட்டினார்கள், பேசினார்கள், போனார்கள். அவர் முசியேவிடம் ஒரு கையளவு வெட்டிப் பார்க்கலாம் என்று கெஞ்சினார். பெயின்ட் அடித்து, திறந்துவைத்த குதிரையை எந்தக் கம்பெனிக்காரன் வெட்டவிடுவான்? ஒரு மத்தியானம் ஸ்டோருக்கு வந்து, தகடு வெட்டுகிற கேஸ் கட்டரைக் கேட்டார்.

"சீட்டு எங்கண்ணே?"

"சீட்டு இல்லம்மா. ஒரு மணி நேரம், கொண்டாந்துடறேன்."

"சீட்டு இல்லாம குடுத்தா என் வேலை போயிடும்ணே."

"சரிம்மா" என்று போய்விட்டார். வேறு எங்கேயோ கட்டர் வாங்கிக்கொண்டு நாற்சந்திக்குப் போய், ஏணி வைத்து ஏறும்போது காவலாளி பிடித்து, பெரிய ரகளை ஆகிவிட்டது. முசியே அவரைப் போலீசில் கொடுக்காமல் காப்பாற்றினார், ஆனால் வேலையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கிளம்பும்போது தன் கருவிப் பெட்டியை மூடினார், தட்டித்தான் மூடினார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டே வேலை. பகலில் பஸ் ஏறி திருக்கனூர் பக்கத்துக் கிராமங்களில் இறங்கி, "பாண்டிக்கு வேலைக்கு வந்த முருகையன்" என்று விசாரிப்பார். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு முருகையன். செருப்பை ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோவார், யாராவது அடையாளம் சொல்லமாட்டார்களா என்று. சாயங்காலம் ஆனால் நாற்சந்தி. தலை குனிந்த அந்தக் குதிரையின் கீழே போய் நிற்பார்.

நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தகடு பொழுது சாயும்போது ஆறும், இல்லையா. ஆறு மணிக்கு மேல் இரண்டு குதிரையும் தட்டத் தொடங்கும். டொக். கொஞ்சம் பொறுத்து டொக், டொக். குளம்பு உதைக்கிற சத்தம் மாதிரியே இருக்கும். டீக்கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். இவர் குதிரையின் காலில் திருப்பித் தட்டுவார். காதை வைத்து நிற்பார். உள்ளேயிருந்து ஒரு டொக் வந்தால் போச்சு, அன்று இரவு எட்டு மணிக்கு அண்ணி ரெட்டியார்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கூட்டிப்போக வேண்டும்.

ஒருநாள் வேலை முடிந்து நான் மொபெட்டில் வருகிறேன், அவர் நிற்கிறார். சட்டையெல்லாம் புழுதி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"என்னாண்ணே இது கோலம்? வீட்டுக்குப் போங்க" என்றேன்.

டொக், டொக், டொக். சரியாக மூன்று.

"கேட்டியாம்மா?" என்றார். கண் மட்டும் பளபளத்தது.

"ஐயோ, தகடு ஆறுதுண்ணே!" என்று கத்திவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் என்னையே பார்த்தார். கோபமில்லை.

"நானும் இதத்தாம்மா சொன்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேறு வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஆறு மாதம் இருக்கும். அவரைப் பார்க்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். ஏலக்கூச்சல், ஐஸ் தண்ணீர், தள்ளுமுள்ளு. ஐஸ் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தன் "தள்ளு தள்ளு" என்று வந்தான். நான் தள்ளவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

"டேய்... முருகையா!"

"யாரு, ஸ்டோர் அக்காவா? நல்லா இருக்கியாக்கா?"

கையிலிருந்த பையால் அவனை நாலு சாத்து சாத்தினேன். ஏலம் போடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் இவ்வளவுதான். அன்று மத்தியானம் அவன் குதிரைக்குள் ஏறத்தான் செருப்பைக் கழற்றியிருக்கிறான். ஊரிலிருந்து ஆள் வந்து, அப்பா வயலில் விழுந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். இவன் போட்டது போட்டபடி வெறுங்காலோடு ஓடியிருக்கிறான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நிலம் அண்ணன் தம்பி சண்டையில் போய்விட்டது, இவன் மாமனார் ஊரோடு போய், அங்கிருந்து துறைமுகத்துக்கு வந்துவிட்டான். இப்போது விசைப்படகில் சமையல் வேலை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"என்னையாக்கா தேடறாரு? எனக்காகவா?"

"வாடா, இப்பவே போவலாம்."

"போட்டு கிளம்புதுக்கா. நாலு நாளு கடல்லதான் தங்கல். வியாழக்கிழமை கரைக்கு வந்ததும் நானே வரேன், என்னைக் கூட்டிட்டுப் போ."

சரி என்றேன். இங்கேதான் நான் செய்த தப்பு. ரெட்டியார்பாளையம் எனக்குத் தூரமில்லை. அண்ணியின் பக்கத்து வீட்டில் போன் இருந்தது, நம்பரும் என்னிடம் இருந்தது. ஒரு போன் போட்டு, 'அண்ணே, அவன் உயிரோட இருக்கான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆளையே கொண்டுபோய் முன்னால் நிறுத்த வேண்டும், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தகடு ஆறுது என்று சொன்ன வாயால் இதைச் சொல்லி என் கணக்கைச் சரி செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நாலு நாள்தானே. அதில் மூன்று நாள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போன் வந்தது. திருக்கனூர் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி. ஊர்க்காரர்கள் சட்டைப்பையில் இருந்த விலாசத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மடியில் துணிப்பை இருந்ததாம்.

நான் மூன்று நாளாகத் தெரிந்து வைத்திருந்த ஆளைத் தேடிப்போய்ச் செத்தார். இதை எப்படிச் சொன்னாலும் இப்படித்தான் வருகிறது.

வியாழக்கிழமை விடிந்ததும் துறைமுகத்தில் போய் நின்றேன். படகு வந்து கட்டியதும் முருகையனிடம் சொன்னேன். மீன் நாற்றத்தோடு அப்படியே மொபெட்டில் ஏறி உட்கார்ந்தான்.

ரெட்டியார்பாளையத்தில் வீட்டு வாசலில் பந்தல். பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். விரலில் ஜெபமாலை. மாதா கோயிலில் சாமியார் காத்திருக்கிறார் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். சவப்பெட்டிக் கடைக்காரர் மூடியைத் தூக்கினார். பட்டறை ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள், முசியே ஓரமாக நின்றிருந்தார்.

"இருங்க" என்றார் அண்ணி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குரல் நடுங்கவே இல்லை. "அவரு தட்டாம எதையும் மூடுனதில்ல. தட்டாம மூடாதீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதாம்மா கூட வேலை பாத்தவ. தட்டு."

முருகையனைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "அண்ணி, இவன்தான்" என்றேன்.

அண்ணி அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெறுங்காலைப் பார்த்தார். உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்து, குனிந்து, இரண்டு செருப்பையும் அவன் காலடியில் வைத்தார். ஊக்கு மாட்டிய வார் இப்போது புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது.

"போட்டுக்கப்பா" என்றார்.

அவன் போட்டுக்கொண்டான். மூடியைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். மூணு தடவை என்று விரலைக் காட்டினேன்.

டொக், டொக், டொக்.

"அண்ணே" என்றான். "முருகையன் பேசுறேண்ணே. நான் வெளியிலதாண்ணே இருக்கேன்."

ஒருத்தரும் அசையவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ரோட்டில் ஒரு பஸ் போய் அந்தச் சத்தமும் அடங்கியது. அண்ணி தலையைச் சாய்த்துக்கொண்டு, அவரைப் போலவே, நூறு எண்ணுகிற நேரம் நின்றார்.

"இப்ப மூடுங்க" என்றார்.